ஆறின லாவாவும் ஆண்டு எழுதிய பலகையும்

பன்னிரண்டு வருஷமாக நான் லாவாவைப் பிரட்டிப் போட்டுக்கொண்டிருக்கிறேன். பகிடி இல்லை, உண்மை. நான் வேலை செய்கிற றெஸ்ரோறன்ற் குசினியில் இறைச்சி வாட்டுகிற காஸ் கிறிலுக்குள் லாவாக் கற்கள் பரவியிருக்கும். கீழே நெருப்பு, நடுவில் கல், மேலே கம்பி. நெருப்பின் சூட்டைக் கல் வாங்கி வைத்து எல்லாப் பக்கமும் சமனாகக் கொடுக்கும். கொழுப்பு வடிந்து கல் பிசுபிசுத்தால் பிரட்டிப் போட்டு எரிக்க வேண்டும். அதுக்கும் சரிவராவிட்டால் எறிந்துவிட்டுப் புதுப் பெட்டி உடைக்க வேண்டும். அது என்ர வேலை. இத்தனை வருஷத்தில் ஒருநாளாவது அந்தக் கல்லை உற்றுப் பார்த்தேனா என்றால், இல்லை.

மூன்று வருஷத்துக்கு முதல் புதிதாக ஒரு சமையல்காரர் வந்து சேர்ந்தார். பிரெஞ்சுக்காரர் என்று முதலாளி சொன்னார். ஆளைப் பார்த்தால் எங்கட பருத்தித்துறைப் பக்கத்து ஆள் மாதிரி. "தமிழோ?" என்று கேட்டேன். விளங்கவில்லை. குடும்பப் பெயரைச் சொன்னார். அச்சொட்டான தமிழ்ப் பெயர், பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில். ஆள் றீயூனியன் தீவு. 1848 இல் அங்கே அடிமை முறை ஒழிந்த பிறகு கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றப்பட்ட தமிழ்ச் சனத்தின் வழியில் வந்தவர். மொழி போய்விட்டது. கோயில், காவடி, தீமிதி, குடும்பப் பெயர் எல்லாம் நிற்கின்றன. நாங்கள் இரண்டு பேரும் உடைந்த ஜெர்மனில் கதைத்துக்கொள்வோம்.

முதல் கிழமையே கிறிலைத் திறந்து ஒரு கல்லைக் கையில் எடுத்தவர் சிரித்தார். "இதுக்குக் காசு குடுத்து வாங்குறீங்களோ? எங்கட அம்மா இருந்த வீட்டுக்கு மேல எவ்வளவு கிடக்குது தெரியுமோ?"

நான் பகிடி என்று நினைத்தேன். பிறகுதான் கதையைச் சொன்னார்.

றீயூனியன் தீவின் கிழக்குப் பக்கம் பித்தோன் து லா ஃபூர்னேஸ் என்று ஒரு எரிமலை. உயரம் 2632 மீற்றர். உலகத்தில் அடிக்கடி வெடிக்கிற எரிமலைகளில் ஒன்று. பெரும்பாலும் ஆளில்லாத ஒரு பெரிய பள்ளத்துக்குள்ளேயே கக்கிவிட்டு அடங்கிவிடும். 1977 ஏப்ரலில் அந்தப் பள்ளத்துக்கு வெளியே நிலம் பிளந்து, லாவா பித்தோன் சாந்த் றோஸ் என்ற ஊருக்குள் இறங்கியது. சனத்தை முன்கூட்டியே வெளியேற்றியபடியால் உயிருக்குச் சேதமில்லை. வீடுகள் போயின. அதில் ஒன்று இவரின் தாயார் இருந்த வீடு. அதே ஊர்த் தேவாலயத்தின் வாசலுக்கு வந்த லாவா, சுவரைச் சுற்றிக்கொண்டு நின்றுவிட்டது. இன்றைக்கு அதற்கு 'லாவா மாதா கோயில்' என்றுதான் பெயர். றீயூனியன் போகிறவர்கள் எல்லாரும் அதன் முன்னால் நின்று படம் எடுக்காமல் வருவதில்லை.

சரி, கதை அதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். பிறகு ஒருநாள் அவரின் அறைக்குப் போனேன். கட்டிலுக்கு மேலே பெரிதாக ஒரு படம், சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார். முழுக்கக் கறுப்பு. கயிறு கயிறாகத் திரைந்து, சுருண்டு, ஒன்றுக்கு மேல் ஒன்று விழுந்து கிடக்கிற ஆறின லாவா. ஒரு பக்கத்தால் காலை வெயில் விழுந்து ஒவ்வொரு திரையின் விளிம்பும் வெள்ளி மாதிரி மின்னுகிறது. அவரின் மச்சான் எடுத்த படமாம். நான் கொஞ்ச நேரம் வாயடைத்து நின்றேன். அது எதைப் போல இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை. அம்மாவின் சேலைக் கொசுவம் மாதிரியும் இருந்தது, யானைத்தோல் மாதிரியும் இருந்தது.

வீட்டை மூடின கல்லை ஒருவர் தன் தலைமாட்டில் மாட்டி வைத்திருக்கிறாரே! இந்தக் கதையை அட்லிஸ்வில் முருகன் கோயிலில் சந்திக்கிற எங்கட அண்ணை ஒருவருக்குச் சொன்னேன். அவர் புதுக்குடியிருப்பு. 2009 இல் வீடு, வளவு, அதோடு சொல்ல முடியாத வேறு பலதையும் விட்டுவிட்டு வந்தவர். கேட்டுவிட்டுச் சொன்னார்: "தம்பி, எரிஞ்சதைப் பாத்து வடிவெண்டு சொல்ல எனக்கு மனம் வராது. அந்தாளுக்கு எப்பிடி வருதோ தெரியாது."

அன்றையிலிருந்து இந்தக் கேள்வி எனக்குள்ளே கிடந்து அரிக்கிறது. ஆறின லாவாவின் படம் கலையா? அதை வடிவு என்று சொல்வது அதன் அடியில் இருக்கிறதுக்குச் செய்கிற துரோகமா?

முதலில் கல்லைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

நான் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் புவியியல் படித்தவன். படித்தவன் என்பது கொஞ்சம் கூடின சொல். 2006 ஆகஸ்டில் ஏ9 பாதை பூட்டுப்பட்ட பிறகு படிப்பும் தொடரவில்லை, 2007 இல் நாட்டையும் விட்டு வந்தாயிற்று. எரிமலைப் பாடம் மட்டும் ஏனோ ஞாபகத்தில் நிற்கிறது. எங்கட கவிஞர்கள் வரிக்கு வரி எரிமலை என்று எழுதுவார்கள். ஆனால் இலங்கையில் எரிமலையே கிடையாது. யாழ்ப்பாணக் குடாநாடு முழுக்கக் கடலில் படிந்த சுண்ணாம்புக்கல். நெருப்பில் பிறந்த கல் எங்கட கிணத்தடியில் கிடைக்காது. அதனாலோ என்னவோ, விரிவுரையாளர் சொன்ன இரண்டு ஹவாய்ச் சொற்களை ஆசையாக மனப்பாடம் பண்ணினேன். பாஹோஹோ, ஆஆ. வழுவழுப்பாக ஓடிக் கயிறாகத் திரைவது முதலாவது. நொறுங்கி முள்ளும் கல்லுமாக உறைவது இரண்டாவது.

கயிறு எப்படித் திரைகிறது என்று விளங்க எரிமலைக்குப் போகத் தேவையில்லை. பாலைக் காய்ச்சி ஆறவிட்டு, ஏனத்தை மெல்லச் சரித்துப் பாருங்கோ. மேலே ஆடை படிந்திருக்கும். கீழே பால் நகரும்போது ஆடை இழுபட்டுச் சுருங்கும். லாவாவும் அதுதான். வெளியே வரும்போது 1100 பாகை செல்சியசுக்கு மேல் சூடு. எங்கட பீட்சா அடுப்பு 400 பாகைக்கே முகத்தைக் கருக்கும். காற்றுப் பட்டவுடன் மேல்தோல் கண்ணாடி மாதிரி இறுகும். உள்ளே இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் குழம்பு அந்தத் தோலைத் தள்ளித் திரைக்கும். பிறகு எல்லாம் ஆறி அப்படியே நின்றுவிடும். மின்னுகிற வெள்ளி நிறம் அந்த மெல்லிய கண்ணாடித் தோலால் வருவது. கல்லுக்குள் இருக்கிற ஓட்டைகள் உள்ளே அடைபட்ட வாயுக் குமிழிகள். என்ர கிறில் கல்லிலும் அதே ஓட்டைகள்தான்.

இரண்டாவது வகைக்கு றீயூனியனில் 'கிராத்தோன்' என்று சொல்வார்களாம். பன்றித்தோலைப் பொரித்தெடுக்கிற மொறுமொறுப்புக்கும் அங்கே அதே பெயர். ஷெஃப் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். சாப்பாட்டுக்குப் பெயர் வைக்கிற நாக்காலேயே தன் வீட்டை விழுங்கின கல்லுக்கும் பெயர் வைத்திருக்கிறது சனம்.

எங்கட மத்தியான இடைவெளியில், அதுதான் எல்லாருக்கும் தெரிந்த அந்த 'சிம்மர்ஸ்ருண்ட'வில், புதுக் கல் ஒன்றைக் குசினியின் பின்படியில் வைத்துக் கைத்தொலைபேசியால் படம் எடுத்துப் பார்த்தேன். சாம்பல் உருண்டை மாதிரி வந்தது. ஏன் என்று தேடிப் பார்த்தபோதுதான் விளங்கியது. கமரா எதைப் பார்த்தாலும் நடுச் சாம்பல் நிறமாக ஆக்கத்தான் வெளிச்சத்தைக் கணக்குப் போடும். கறுப்பைக் கறுப்பாகவே எடுக்க வேண்டுமென்றால் நாங்கள்தான் வெளிச்சத்தைக் குறைக்க வேண்டும். உச்சி வெயிலில் எடுத்தால் திரை ஒன்றும் தெரியாது. சூரியன் சாய்ந்து, நிழல் நீண்டு விழவேண்டும். பின்னேரம் ஐந்து மணிக்கு வேலை தொடங்குவதற்கு முன் எடுத்த படத்தில்தான் ஓட்டைகள் ஒவ்வொன்றும் ஒரு குகை மாதிரித் தெரிந்தன. எறிகிற கல்லுக்குள் இவ்வளவு இருந்ததா என்று வெட்கமாக இருந்தது.

எரிமலைப் படம் என்றால் பலருக்குச் சிவப்புத்தான் ஞாபகம் வரும். எங்களுக்குப் பக்கத்து அல்சாஸ் மண்ணில் பிறந்த கத்தியா கிராஃப்ட், மோரிஸ் கிராஃப்ட் தம்பதி அந்தச் சிவப்பைத் தேடி உலகமெல்லாம் போய்ப் படம் எடுத்தவர்கள். 1991 ஜூன் 3 ஆம் திகதி ஜப்பானின் உன்சென் எரிமலையில் இறந்துபோனார்கள். அவர்களின் துணிவுக்குத் தலைவணங்குகிறேன். ஆனாலும் என்னைக் கேட்டால் சிவப்பை விடக் கறுப்புத்தான் பெரிய கலை. சிவப்புப் படத்தில் நெருப்பைத் தவிர வேறு ஒன்றையும் கண் பார்க்காது. கறுப்புப் படத்தில் அது எந்தப் பக்கத்தால் வந்தது, எங்கே தயங்கியது, எங்கே வளைந்தது என்று முழு ஓட்டத்தையும் விரலால் தொட்டு வாசிக்கலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இது பாதி படித்த புவியியலில் எனக்கு மிகவும் பிடித்த கதை. ஏறக்குறைய 6 கோடி 60 இலட்சம் வருஷத்துக்கு முதல் இந்தியாவின் மேற்கே நிலம் பிளந்து லாவா பெருகியது. இன்றைக்கு மிஞ்சியிருக்கிற பரப்பே ஏறக்குறைய 5 இலட்சம் சதுர கிலோமீற்றர், சில இடங்களில் தடிப்பு 2 கிலோமீற்றர். தக்காணப் பொறிகள் என்று பாடப்புத்தகத்தில் இருக்கும். பொறி என்றால் எலிப்பொறி இல்லை. சுவீடன் மொழியில் படிக்கட்டுக்கு உள்ள சொல்லிலிருந்து வந்த பெயர், மலைகள் படிபடியாக இருப்பதால். ஜெர்மன் 'றெப்ப' தெரிந்த எங்களுக்குச் சட்டென்று விளங்கும். அந்த லாவாவைக் கக்கிய சூட்டுப் புள்ளி பூமிக்கடியில் நின்ற இடத்திலேயே நிற்க, இந்தியா அதற்கு மேலால் வடக்கே நகர்ந்து போய்விட்டது என்பதுதான் புவியியலாளர் பெரும்பாலானோரின் கருத்து. போன வழியில் இலட்சதீவு, மாலைதீவு, சாகோஸ், மொரீசியஸ் என்று அடையாளம் விழுந்திருக்கிறது. இன்றைக்கு அந்தப் புள்ளிக்கு மேலே இருப்பது எது தெரியுமோ? றீயூனியன்!

எல்லோராவில் கைலாசநாதர் கோயிலை 8 ஆம் நூற்றாண்டில், இராட்டிரகூடர் காலத்தில், மேலிருந்து கீழாகக் குடைந்தார்களே, அந்தக் கல் ஆறின லாவா. கரும்பு வெட்டப் போன தமிழ்ச் சனம் கோயில் கட்டி விளக்கு வைத்த றீயூனியன் நிலமும் ஆறின லாவா. இரண்டும் ஒரே அடுப்பில் வெந்தவை. இதை ஷெஃபுக்குச் சொன்னபோது அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார்.

இனி அண்ணையின் கேள்விக்கு வருகிறேன். அதை அழகு என்று சொல்லலாமா?

ஷெஃபிடம் நேராகவே கேட்டேன், அம்மாவின் வீட்டை எடுத்ததை ஏன் சுவரில் மாட்டியிருக்கிறீர்கள் என்று. அவர் பெரிய தத்துவம் ஒன்றும் சொல்லவில்லை. தொலைபேசியை எடுத்து, ஊருக்குப் போனபோது காரில் இருந்து எடுத்த படங்களைக் காட்டினார். எரிமலையின் கிழக்குச் சரிவுக்குக் 'கிரான் புறூலே' என்று பெயர், பெரிய எரிந்த நிலம். கடலோரமாகப் போகிற பாதை லாவா ஓட்டங்களைக் குறுக்கறுத்துப் போகிறது. ஒவ்வொரு ஓட்டமும் வருகிற இடத்தில் பாதையோரம் ஒரு பலகை. 2002. 2004. 2007. அவ்வளவுதான். வருஷம் எழுதியிருக்கிறது.

பழைய ஓட்டங்களில் வெண்சாம்பல் நிறப் பாசி படர்ந்திருக்கிறது. கல்லில் முதல் குடியேறுகிறது அதுதானாம். அதற்குப் பிறகு பன்னம், பிறகு சிறு மரங்கள். 2007 பலகைக்குப் பக்கத்தில் கறுப்பு மிக அகலம். அந்த ஏப்ரலில் வந்தது பெரிய வெடிப்பு. மலையுச்சிக் குழியின் அடித்தளம் 300 மீற்றருக்கு மேல் கீழே இடிந்து விழுந்தது. லாவா பாதையை மூடிக் கடலுக்குள் இறங்கிப் புதுநிலம் போட்டது. பிறகு அதற்கு மேலேயே பாதையைத் திரும்பப் போட்டார்கள்.

அந்தப் பலகையைப் பார்த்தபோது எனக்கு நெஞ்சுக்குள் ஒன்று அடைத்தது. 2007 என்ர வருஷம். நான் வீட்டுப் படலையைச் சாத்திவிட்டு வந்த வருஷம். அதற்கு எங்கேயும் பலகை இல்லை.

ஷெஃப் சொன்னார்: "எந்த வருஷம், எந்த ஊர் எண்டு எல்லாருக்கும் தெரியும். ஒருத்தரும் மறைக்கேல்லை. அதால நான் வடிவைப் பாக்கலாம்."

இதுதான் என்ர பதிலும். ஆறின லாவாவின் படம் கலைதான், பெரிய கலைதான். ஆனால் அது எந்த இடம், எந்த வருஷம், அடியில் என்ன இருக்கிறது என்பது படத்தோடு சேர்ந்து வரவேண்டும். அதை வெட்டிவிட்டுக் கலண்டருக்கும் கணினித் திரைக்கும் போடுகிற படம் வெறும் அலங்காரத் துணி. இடத்தையும் வருஷத்தையும் எழுதினால் அழகு குறைந்துவிடுமா? எனக்குக் குறையவில்லை. அடியில் ஒரு வீடு இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் அந்தத் திரைகளை இன்னும் நேரமெடுத்துப் பார்த்தேன்.

அப்படியென்றால் எங்கட எரிந்த வீடுகளையும் இப்படிக் கலைப்படமாக எடுக்கலாமோ என்று நீங்கள் கேட்பீர்கள். 2009 க்குப் பிறகு வன்னிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் போய், சன்னம் துளைத்த சுவரில் அந்தி வெயில் விழ, நடுவில் ஒரு ஆலங்கன்று முளைத்திருக்க, அழகழகாகப் படம் எடுத்து வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அதில் எனக்கு உடன்பாடு இல்லை. லாவாவுக்கு நோக்கம் கிடையாது. அதை ஒருவரும் கூண்டில் ஏற்ற முடியாது. ஆனால் வீட்டுக்கு மேல் குண்டு தானாக விழுவதில்லை. பதில் சொல்ல வேண்டிய ஆட்கள் இருக்கிற இடத்தில், பதில் வருவதற்கு முதலே அந்தி வெயிலைப் பூசினால், அது இயற்கை அழிவு மாதிரி ஆகிவிடும். மழை பெய்தது, வெள்ளம் வந்தது, வீடு இடிந்தது என்கிற மாதிரி.

இது எங்களுக்கு மட்டும் உள்ள பிரச்சினை இல்லை. பிரேசில் நாட்டுப் படப்பிடிப்பாளர் செபஸ்தியாவோ சல்காடோ உலக அகதிகளைப் படம் எடுத்து 2000 இல் பெரிய புத்தகமாகப் போட்டார். துயரத்தை அழகாக்குகிறார் என்று பலர் குறை சொன்னார்கள். 2003 இல் சூசன் சொன்ராக் வேறு ஒரு குறையைச் சுட்டினார். படத்தில் இருக்கிற ஏழைகளுக்குக் கீழே பெயர் இல்லையே என்றார். எனக்கு அதுதான் சரியான இடத்தில் குத்தின கேள்வி. சல்காடோவும் மனிதத் துயரத்தைப் பார்த்துப் பார்த்து நொந்துபோய், பிறகு இயற்கையின் பக்கம் திரும்பினார். காலாபாகஸ் எரிமலைத் தீவுகளில் தொடங்கிய அந்த வேலை 2013 இல் 'ஜெனிசிஸ்' என்று வெளிவந்தது. 2025 இல் அவர் காலமானார். அகதியைப் பார்த்துக் களைத்த கண் கல்லில் ஆறுதல் தேடியிருக்கிறது. அகதியான எனக்கு அதில் கோபம் வரவில்லை. நானும் இப்போது அதையேதானே செய்கிறேன்.

இதையெல்லாம் போன ஞாயிறு கோயில் முடிந்து சீல் ஆற்றங்கரையில் நடக்கும்போது அண்ணைக்குச் சொன்னேன். அவர் முழுக்கக் கேட்டார். பிறகு, "கல்லைப் பற்றி நீ சொல்லுறது சரியாயிருக்கலாம். ஆனா நான் அதைச் சுவரில மாட்ட மாட்டன்" என்றார். சரி, அவர் மாட்ட வேண்டாம். எல்லாரும் மாட்ட வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. கொஞ்சம் நடந்துவிட்டுச் சட்டைப்பையில் இருந்து ஒரு படத்தை எடுத்துக் காட்டினார். பழைய படம், மூலை மடிந்தது. ஒரு வீட்டு முற்றம், செவ்வரத்தை மரம், ஒரு சைக்கிள். பின்பக்கத்தைத் திருப்பினேன். வெறுமையாக இருந்தது.

"எந்த வருஷம் அண்ணை?" என்றேன். யோசித்தார். தொண்ணூற்றெட்டோ, தொண்ணூற்றொன்பதோ என்றார். அவருக்கே நிச்சயமில்லை. அந்த முற்றத்தில் விளையாடின அவரின் மகளுக்கு அதுவும் தெரியாது.

என்னிடம் ஓடர் எழுதுகிற பேனை இருந்தது. அவரிடம் கொடுத்தேன். கரையோரக் கல்லில் இருந்து, தொடையில் வைத்து, ஊர்ப்பெயரையும் 1998 என்றும் எழுதினார். பிறகு பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் போட்டார்.

வாசிக்கிற உங்களிடமும் அப்படிப் படங்கள் இருக்கும். அலுமாரிக்குள், பிஸ்கற் பெட்டிக்குள். இந்தக் கிழமையாவது எடுத்துப் பின்பக்கத்தில் இடத்தையும் வருஷத்தையும் எழுதி வையுங்கோ. தெரிந்த ஆட்கள் இருக்கும்போதே எழுதுங்கோ. ஷெஃப் வருகிற விடுமுறைக்கு ஊருக்குப் போகிறார். அந்த 2007 பலகையை நல்ல கமராவால் ஒரு படம் எடுத்துக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன். சாய்ந்த வெயிலில், பலகையும் தெரிய.